போர்மேனுக்காகப் புதுப்பித்த வண்டி

என் வண்டியின் பதிவு இந்தக் கார்த்திகையில் முடிகிறது என்பது வாங்கிய நாளிலிருந்தே எனக்குத் தெரியும். ஆர்.சி. கைக்கு வந்த அன்றே அதில் போட்டிருந்த கடைசித் தேதியைப் பார்த்து, அது என்ன கிழமை, வளர்பிறையா தேய்பிறையா என்று கணக்குப் போட்டுவிட்டேன். தொழில் அப்படி. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் தேதி சரிபார்ப்பது என் வேலை. அடுத்த வருடத்து அமாவாசை, கார்த்திகை, சஷ்டி, முகூர்த்த நாள் எல்லாவற்றையும் ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாவதற்குள் பார்த்து முடித்தாக வேண்டும். ஊர் ஆனியில் இருக்கும்போது நான் அடுத்த வருடத்து மாசியில் இருப்பேன். ஓய்வு பெற்ற பின்பும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போதும் தினசரித் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதி வைக்கிறேன். பெரும்பாலான நாட்களில் ஒரு வரி போதுமானதாக இருக்கிறது.

மனைவி இறந்தது ஒரு மாசி மகத்துக்கு மறுநாள். மகள் பூனாவில் இருக்கிறாள். விருதுநகரில் நானும் புத்தகங்களும் அந்த வெள்ளை டீசல் காரும் மட்டுமே. திங்கள் முதல் சனி வரை நான் யாரிடமாவது பேசினால் அது பால்காரராகவோ நூலகத்தில் பத்திரிகைக்காக என்னோடு காத்திருப்பவராகவோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு.

ஞாயிறு காலையில் ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போவேன். நாரணாபுரத்தில் போர்மேனை ஏற்றிக்கொள்வேன். அங்கிருந்து சாத்தூர் போய், நான்குவழிச் சாலையில் ஏறி, விருதுநகரைப் பார்த்து வரும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்துவோம். அங்கே எங்களைப் போலக் கார்ப் பைத்தியம் பிடித்த சிலர் கூடுவார்கள். பேச்சு முடிந்ததும் அவரை மறுபடி நாரணாபுரத்தில் இறக்கிவிட்டு நான் வீடு திரும்புவேன். என் வீட்டிலிருந்து அந்த டீக்கடைக்கு நேராகப் போனால் இதில் கால்வாசி தூரம்கூட இல்லை. எதற்காக ஊரைச் சுற்றுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், வண்டி வாரத்துக்கு ஒரு முறையாவது நன்றாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று சொல்லி வந்தேன். அது பொய்யில்லை.

போர்மேன், நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவர் மனைவி உட்பட. கம்பெனி டீலர்களுக்குக் கொடுக்கிற காலண்டர்களை வாங்கிப்போக வருடா வருடம் எங்கள் அச்சகத்துக்கு வருவார். ஒரு முறை லோடு ஏறுகிற நேரத்தில் வாசலில் நின்ற என் காரைச் சுற்றி வந்து, நாலு கதவையும் திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். என் காரை ஒருவர் அனுமதி கேட்காமல் தொடுவது எனக்குப் பிடிக்காது. வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார். நல்ல கதவு" என்றார். எங்கள் பழக்கம் அப்படி ஆரம்பித்தது.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கம்பெனி வேனில் போய் கம்பெனி வேனில் வருகிறவர். ஆனால் கார்களைப் பற்றி அவருக்கு இல்லாத அபிப்பிராயம் கிடையாது. முக்கால்வாசி தப்பாக இருக்கும். தப்பு என்று காட்டினால் ஒப்புக்கொள்வார். அடுத்த ஞாயிறு அதே தப்பை வேறு காரணத்தோடு கொண்டுவருவார்.

டீக்கடைக் கூட்டத்தில் ஆள் கூடும், குறையும். தவறாமல் வருகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பட்டாசு ஏஜெண்ட். ஒவ்வொரு தீபாவளி சீசன் முடிந்ததும் வண்டி மாற்றுகிறவர். இப்போது வைத்திருப்பது உயரமான பெட்ரோல் கார். மற்றவர் அச்சங்குளத்துப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற சம்சாரி. அவரிடம் இருப்பது அவர் அப்பா வாங்கிய ஜீப். அதில் எது அப்பா காலத்தது, எது பழைய சாமான் கடையில் வாங்கியது என்று அவருக்கே தெரியாது.

ஏஜெண்ட் வந்து உட்கார்ந்ததும் பெட்ரோலில் ஆரம்பிப்பார். எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து வண்டி முன்மாதிரி இழுக்கவில்லை, மைலேஜ் இறங்கிவிட்டது, ரப்பர் குழாயெல்லாம் அரித்துப்போகும், இதைக் கேட்க நாதியில்லை என்பார். சம்சாரி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டிருப்பார்.

"நான் போட்ட சோளந்தான் அண்ணாச்சி உங்க டேங்குல ஓடுது. சோளத்துக்கு வெலை கெடைக்க வேணாம்ங்கீகளா? வண்டி ரெண்டு இருமல் இருமுனா இருமிட்டுப் போகுது."

"இருமுறது என் வண்டி. சிரிக்கிறது உம்ம பையி."

"உங்க வண்டிக்கு இருமல் வந்தா அடுத்த தீவாளிக்கு வேற வாங்கிருவீக. எனக்கு இருமல் வந்தா யாரு வாங்கித் தருவா?"

டோல்கேட்டுக்குக் காசு கொடுப்பது சம்சாரிக்கு மானப் பிரச்சினை. வருஷ பாஸ் எடுத்துவிடுங்கள், கணக்குக்கு லாபம் என்று நான் ஒரு தாளில் கூட்டிக் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் காட்டுப்பாதையில் சுற்றிப் போனார். மிச்சம் பிடித்த காசைவிட அதிகமாக டீசல் செலவாகிறது என்பது அவருக்கும் தெரியும். "டீசலு நானா எரிக்கது சார். டோலு அவென் புடுங்குறது" என்றார்.

பத்து வருடம் ஆன டீசல் வண்டியைப் பறிமுதல் செய்கிறார்கள் என்று மாதம் ஒரு முறை ஏஜெண்டின் போனில் ஒரு செய்தி வரும். அதை என்னைப் பார்த்துக்கொண்டே உரக்கப் படிப்பார். அது தலைநகரத்துக்கு உள்ள கட்டுப்பாடு, நம் மாநிலத்தில் பதினைந்து வருடம் முடிந்ததும் தகுதி பார்த்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருகிறார்கள் என்று நான் விதியையே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்மேல் வடையை வைத்துச் சாப்பிட்டார்கள். அச்சில் வந்ததை யாரும் படிப்பதில்லை என்பது என் தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். அதனால் வருத்தப்படவில்லை.

போர்மேனுடைய கட்சி தனி. அவருக்குப் பெட்ரோல் வண்டி ஆகாது. அதில் பிளக் இருக்கிறது, பிளக்கில் பொறி இருக்கிறது. டீசல் வண்டியில் பிளக் இல்லை, ஆகவே அது மரியாதையான வண்டி. எலெக்ட்ரிக் கார் என்ற பேச்சை எடுத்தால் முகமே மாறிவிடும். "அடியில பூரா பேட்டரி. பட்டாசு ஸ்டாக் ரூமுக்கு மேல பாயை விரிச்சுப் படுக்க மாதிரி" என்பார். யாராவது புது வண்டி கொண்டுவந்தால் மற்றவர்கள் பானட்டைத் திறப்பார்கள், சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார்கள். அவர் கதவுகளைத்தான் பார்ப்பார். எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, உள்ளேயிருந்து ஒரு கையால் இழுத்தால் வருகிறதா, பின்சீட்டில் இருப்பவன் தானாக இறங்க முடியுமா. பார்த்துவிட்டு மார்க் போடுவார். என் வண்டிக்கு எப்போதும் முதல் மார்க்.

காரை அவர் காராகவே பார்க்கவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற அறையாகத்தான் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் அறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வேலை நடக்கும்போது தாழ் போடக்கூடாது. வாசலில் எதையும் வைத்து மறிக்கக்கூடாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. "நாலு கதவு, நாலு பேரு. நம்ம ரூமு மாதிரியேதான சார்" என்று ஒரு முறை அவரே சொன்னார். முப்பது வருடமாக அந்த விதிகளைப் பிறரைக் கடைப்பிடிக்கச் செய்வதுதான் அவர் வேலை. கடைப்பிடிக்காத இடங்களில் என்ன ஆகும் என்பதை அவர் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவரில்லை.

ஆகவே அவர் சீட் பெல்ட் போடமாட்டார். வலது கையை மடியில் வைத்து, இடது கையைக் கதவுப் பிடியிலேயே வைத்திருப்பார். பழக ஆரம்பித்த புதிதில் நான் சட்டம் சொல்லிப் பார்த்தேன். விபத்தில் என்ன நடக்கும் என்று படித்ததைச் சொன்னேன். அவர் வெயிலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சாத்தூர் நெருங்கும்போது, இளவயதில் தன்னோடு ஒரே அறையில் வேலை பார்த்தவரைப் பற்றிச் சொன்னார். புகை வந்ததும் இருவரும் எழுந்திருக்கிறார்கள். இவர் வெளியே வந்துவிட்டார். அவருடைய வேட்டி ஒரு ஆணியில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இடுப்புல கட்டிக்கிட்டு உக்காந்தா எப்படி சார் ஓடுறது?"

அதற்கப்புறம் நான் சட்டம் பேசவில்லை.

சட்டம் பேசியது. போன வருடம் ஆனி மாதத்தில் என் போனுக்கு அபராதச் சீட்டு வந்தது, படத்தோடு. நான்குவழிச் சாலையில் மேலே இருந்த கேமரா எடுத்த படம். நான் பெல்ட் போட்டு, விறைப்பாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அவர், வாயைத் திறந்து, வலது கையை உயர்த்தி, எதையோ மறுத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே அபராதத்தைக் கட்டிவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கும் படம் அது ஒன்றுதான் என்பது கட்டி முடித்த பிறகு தோன்றியது. அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு கேமரா இருக்கிற பகுதியை விட்டு உள் ரோட்டில் போக ஆரம்பித்தோம். சம்சாரிக்கு அதில் தாளாத சந்தோஷம். காலண்டர் சாரும் நம்ம கட்சிக்கு வந்துட்டார் என்று எல்லாருக்கும் டீ சொன்னார்.

இந்த வருடம் ஆவணியில் மகள் வந்திருந்தாள். வண்டியின் பதிவு முடியப்போகிறது என்பதை நானே சொல்லியிருக்கக் கூடாது. அவள் உடனே போனில் புதுக் கார்களின் படங்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த வண்டியில் ஏர்பேக்கூட இல்லை, இந்த வயதில் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறீர்கள், நடுவழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றாள். ஆயுத பூஜைக்கு எக்ஸ்சேஞ்ச் சலுகை வரும், பழையதைக் கொடுத்துவிடலாம், மீதி நான் போடுகிறேன் என்றாள். அவள் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. தனியாகப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போர்மேன் வருகிறார் என்றேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சரிப்பா" என்றாள்.

சரி, பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டேன். ஓட்டிப் பார்க்கப் போகும்போது போர்மேனையும் கூட்டிப்போனேன். சீசன் உச்சத்தில் இருந்தது. அவருக்கு ஒரு பொழுது லீவு கிடைத்ததே பெரிது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஷோரூமில் நாலு கதவையும் திறந்து பார்த்தார். அகலம் போதும் என்றார். கண்ணாடியும் நிறமும் சீட்டுத் துணியும் அவருக்குப் பிடித்திருந்தன. விற்பனைப் பையன் பின்சீட்டில் ஏறிக்கொள்ள, நான் வண்டியை எடுத்தேன்.

நகர்ந்ததுமே வண்டி கத்த ஆரம்பித்தது. இடது சீட்டில் பெல்ட் போடவில்லை. அந்தப் பையன் பின்னாலிருந்து எட்டி, அங்கிள் ஒரு நிமிஷம் என்று இவர் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான். போர்மேன் தடுக்கவில்லை, புது இடத்தில் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைத்திருக்கலாம். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் தாண்டி வேகம் எடுத்தபோது, நாலு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. அவர் கதவுப் பிடியை இழுத்தார். திறக்கவில்லை. மறுபடி இழுத்தார். நான் திரும்பிப் பார்த்தபோது முகமெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது. ஓரங்கட்டினேன். பெல்ட்டைக் கழற்ற அவருக்குத் தெரியவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன்.

இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் போய் நின்றார். பையன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, சுகரா அங்கிள் என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. பையன் வண்டிக்குத் திரும்பிய பின் என்னிடம் வந்தார்.

"நல்ல வண்டி சார். பிள்ளை சொல்றது சரிதான், வாங்குங்க. நான் டீக்கடைக்குப் பஸ்ஸுல வந்துக்கிடுதேன்."

அந்த டீக்கடையில் பஸ் நிற்காது. அது அவருக்கும் தெரியும்.

நின்ற இடத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. இந்த வண்டியைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. மாற்றினால் ஏர்பேக் இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்காது. மகளிடம் போனில் சொன்னேன். விலை அதிகம், எத்தனாலைப் பற்றி வேறு ஆளுக்கொன்று பேசுகிறார்கள், கொஞ்சம் பொறுக்கலாம் என்று டீக்கடைக் காரணங்களையெல்லாம் அடுக்கினேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. போர்மேனிடமும் சொல்லவில்லை. புது வண்டி ஓட்டுவதற்குக் கனமாக இருக்கிறது, எனக்குச் சரிப்படாது என்றேன். "பெறகென்ன, நம்ம வண்டிக்கு என்ன கொறச்சல்" என்றார். நம்ம வண்டி என்று அவர் சொன்னதை அன்றைய தாளின் பின்னால் எழுதி வைத்தேன்.

புரட்டாசியும் ஐப்பசியும் வண்டி வேலையில் போயின. மெக்கானிக் மூன்று முறை வைத்துப் பார்த்தார். ஹெட்லைட் மங்கியிருந்தது, மாற்றினேன். கீழே துரு பிடித்த இடத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தோம். வைப்பர், ஹாரன், கைப்பிரேக், புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ், புது நம்பர் பிளேட் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். பசுமை வரியைக் கட்டினேன். இத்தனை செலவு இந்த வண்டிக்குத் தேவையா என்று மெக்கானிக்கே ஒரு தடவை கேட்டார். இதற்கிடையில் சீசன் என்பதால் போர்மேனுக்கு ஞாயிறும் வேலை. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் ஒழிவாக இருப்பார். அதற்குள் வண்டியைத் தயாராக்கிவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் தகுதி பார்க்கிற அன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். எஞ்சின் நம்பரைத் தேய்த்துப் பார்த்தார், லைட்டைப் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். முன்சீட்டு பெல்ட் இரண்டையும் இழுத்துக் காட்டச் சொன்னார். என் பக்கத்துப் பெல்ட் ஓரமெல்லாம் பிசிர் பிசிராக இருந்தது. இடது பெல்ட் கார்க் கம்பெனியிலிருந்து வந்த மடிப்புக் கலையாமல், விறைப்பாக, புதுத்துணிப் பளபளப்போடு வெளியே வந்தது. மனைவி எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். ரோடு எதிரே ஓடி வருவதைப் பார்க்க அவளுக்குப் பயம். அவளுக்குப் பிறகு அங்கே உட்கார்ந்தவர் பெல்ட்டைத் தொட்டதில்லை.

"என்ன சார், பதினஞ்சு வருசமா இந்தப் பக்கம் ஆளே உக்காரலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் சிரித்து வைத்தேன். வண்டி தேறிவிட்டது.

வெளியே வந்து முதலில் போர்மேனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அன்று மாலையும் எடுக்கவில்லை. தீபாவளி அலுப்பில் தூங்குவார் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம். வண்டியைக் கழுவி, புதுச் சான்றிதழைக் கண்ணாடிப் பக்கத்தில் அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு நாரணாபுரம் போனேன்.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மகன் கார் எடுத்திருக்கிறான், லோன் போட்டு, எலெக்ட்ரிக் வண்டி. முந்தா நாள்தான் வந்தது. காலையிலேயே கோயிலில் பூஜை போட்டுவிட்டு அப்பாவையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குத்தான் போயிருக்கிறார்கள் என்றார். "உங்ககிட்ட காட்டணும்னு ரெண்டு நாளா போனையே எடுக்காம இருந்தாக. எடுத்தா வாய் நிக்காதாம்." காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

அங்கிருந்து டீக்கடைக்கு நான் தனியாக ஓட்டிப் போனேன். உள் ரோட்டில் போக வேண்டிய தேவையில்லை. நேராகக் கேமராக்களுக்குக் கீழேயே போனேன். சாத்தூர் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு நீல வண்டி சத்தமே இல்லாமல் என்னைக் கடந்தது. கோயிலில் நேரமாகியிருக்க வேண்டும். இடது சீட்டில் போர்மேன். நெற்றியில் சந்தனம். மார்பின் குறுக்கே பெல்ட். கண்ணை இறுக மூடியிருந்தார். பின்சீட்டிலிருந்து பேத்தி எனக்குக் கை காட்டியது. அதற்கு நான் யார் என்று தெரியாது. எல்லா வண்டிக்கும் காட்டிக்கொண்டு போயிருக்கும்.

டீக்கடையில் அந்த நீல வண்டியைச் சுற்றிக் கூட்டம். ஏஜெண்டுக்குக் கிடைத்த சந்தர்ப்பம் அது.

"என்ன போர்மேன், ஸ்டாக் ரூமுக்கு மேலயே உக்காந்து வந்துட்டீக? பாயி எங்க?"

"பேத்தி பின்னாடி இருந்துச்சு அண்ணாச்சி. பாயி விரிக்க எடம் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சம்சாரி வண்டிக்கு அடியில் குனிந்து, சைலன்சரைக் காணோமே, வழியில் விழுந்துவிட்டதா என்று கேட்டார். வீட்டிலேயே சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும் என்று மகன் எல்லாருக்கும் விளக்கினான். தெளிவாகவும் பணிவாகவும் பேசினான். அதையே ஏஜெண்ட் இரண்டாம் முறை கேட்டபோது அவர் குரல் இறங்கிவிட்டது. அடுத்த சீசனுக்கு என்ன வாங்குவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போர்மேன் என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடி வழியாகச் சான்றிதழைப் பார்த்தார்.

"ஆயிருச்சா சார்?"

"ஆயிருச்சு. அஞ்சு வருஷம்."

கதவில் கை வைத்தார், திறக்கவில்லை.

"எனக்காண்டியா சார்?"

"வண்டி நல்லாத்தான இருக்கு" என்றேன்.

அவர் திரும்பி அந்த நீல வண்டியைப் பார்த்தார். நான் பெல்ட் போடாவிட்டால் அந்தப் பிள்ளையும் போடமாட்டேன் என்கிறது சார், அதற்கு நாலு வயதுதான் ஆகிறது, மகன் ஆசையாக வாங்கியிருக்கிறான், ஏறமாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்றார். வண்டி ஏறினால் கண்ணைத் திறப்பதே இல்லையாம். மகனுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்றார். நான் சொல்லமாட்டேன் என்றேன். நான் கோபப்படுவேன் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று தோன்றியது. கோபம் இல்லை. எனக்காகச் செய்யாததை ஒரு குழந்தைக்காகச் செய்தார் என்பதில் கோபப்பட என்ன இருக்கிறது? சட்டத்துக்காகவும் அவர் செய்யவில்லை. அவர் கணக்கில் நானும் சட்டத்தோடு சேர்ந்த வரிசையில்தான் வருவேன்.

அப்போது மகன் வந்தான். இனி ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவை நானே கூட்டி வந்துவிடுகிறேன், இத்தனை நாள் நீங்கள் பட்ட சிரமம் போதும் என்றான். "உங்களுக்கு எதுக்கு சார் வீண் டீசல்? வீட்டுலருந்து நேரா வந்துருங்க." நல்ல பையன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

போர்மேன் சட்டென்று, "சார், நீங்களும் எங்ககூட வாங்களேன், பின்னாடி எடம் இருக்கு, வீட்டுல எறக்கி விட்டுருதோம்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் என் வண்டியை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பது இரண்டு பேருக்கும் தோன்றிவிட்டது. இன்னொரு நாள் என்றேன். அவர்கள் சாத்தூர்ப் பக்கம் திரும்பிப் போனார்கள். பேத்தி, தாத்தா பெல்ட்டு, தாத்தா பெல்ட்டு என்று கத்துவது கண்ணாடி ஏறும்வரை கேட்டது.

நான் விருதுநகரைப் பார்த்து வண்டியைத் திருப்பினேன். பேட்டரிக்கு இனி இந்தத் தூரம் போதாது.

பட்டம்புதூர் விலக்கு வந்தபோது ஒரு பெரிய அம்மாவும் அவருடைய மகளும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். மகள் நிறைமாதமாக இருந்தாள். நிறுத்தியதும் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்து இருவரும் ஏறிக்கொண்டார்கள். பையை நடுவில் வைத்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரி என்றார் அந்த அம்மா. பஸ் ஒன்றும் நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்தக் கதைதான் என்றார். இதே மாதிரி வெள்ளைக் கார்கள் இந்தப் பக்கம் நிறைய வாடகைக்கு ஓடுகின்றன. அவர் என்னை என்னவென்று நினைக்கிறார் என்பது, மகள் போனில் "டாக்சி கெடச்சிருச்சு, வந்துருதோம்" என்று சொன்னபோதுதான் விளங்கியது.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். முதல் பிரசவம், மருமகன் திருப்பூரில் இருக்கிறார், டாக்டர் இரண்டு நாளில் ஆகிவிடும் என்கிறார், நாள் நல்ல நாளாக அமைய வேண்டும். இரண்டு நாள் கழித்து என்ன நாள் என்று சொன்னேன். திதி, நட்சத்திரம், எத்தனை மணிவரை என்று எல்லாம் சொன்னேன். அவர் முன்சீட்டுப் பக்கம் குனிந்து, "எல்லாம் மனசுலயே வச்சிருக்கீகளே அண்ணாச்சி" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் எவ்வளவு என்று கேட்டார். இது சொந்த வண்டி, வெள்ளை நம்பர் பிளேட், இதில் வாடகை வாங்குவது சட்டப்படி தப்பு என்றேன். அவர் ரூபாயை நீட்டியபடியே நின்றார். பேரம் பேசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் சேர்த்து நீட்டினார். நான் கையை எடுத்துக் கும்பிட்டேன். மகள்தான், விடும்மா, வேண்டாம்கிறார் என்றாள்.

பையை இறக்கிக் கொடுத்தேன். நாலு எட்டு போன அந்த அம்மா திரும்பி வந்தார். பிள்ளை பிறந்து வீட்டுக்குப் போகும்போதும் வண்டி வேண்டியிருக்கும், நம்பர் கொடுங்கள் என்றார். சொன்னேன். மகள் போனில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பேரு என்னன்னு போட?"

நான் யோசிப்பதற்குள் அந்த அம்மாவே, "டாக்சின்னு போடு, போதும்" என்றார்.

"போட்டுக்கங்க" என்றேன்.